வே புரோட்டீனா, மீல்மேக்கரா, முட்டையா? ஒர்க்அவுட்டுக்கு அப்புறம் காச எதுல போடறது

ஜிம்ல கால் பயிற்சி பண்ற லெக் டே முடிஞ்ச மறுநாள் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுல கைப்பிடிய புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா எறங்குற ஆளுங்கள பாத்திருப்பீங்க. அந்த வலிக்கு லாக்டிக் ஆசிட்தான் காரணம்னு ஜிம்ல இன்னமும் சொல்லிட்டிருக்காங்க. அதெல்லாம் ஒர்க்அவுட் முடிஞ்ச ஒரு மணி நேரத்துலயே ரத்தத்துலேந்து காலியாயிடும். அரை நாள், ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சு 72 மணி நேரம் வரைக்கும் படுத்துற வலி வேற. ஸ்குவாட்ல கீழ எறங்குறப்ப, மேம்பால எறக்கத்துல ஓடுறப்ப எல்லாம் தசை நீண்டுகிட்டே எடைய தாங்குது இல்லையா, அப்ப நார்கள்ல வர்ற நுண்ணிய சேதமும் அத ரிப்பேர் பண்ண உடம்பு கெளப்புற வீக்கமும்தான் அது. அதனால வலி கொறையறது ஒரு வேலை, தசை திரும்ப கட்டுறது இன்னொரு வேலை. ரெண்டும் ஒரே டப்பாவுல வரும்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க.

தசை கட்டுற வேலைக்கு புரோட்டீன் வேணும், இதுல சண்டை எதுவும் இல்ல. எவ்ளோங்கறதுதான் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்ற பொது அளவு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அது ஆபீஸ் போயிட்டு வந்து டிவி பாக்குற ஆளுக்கு. வெயிட் தூக்குறவங்களுக்கு 1.6 கிராம் பக்கம் வரைக்கும் பலன் ஏறுது, அதுக்கு மேல போனா பெருசா ஒண்ணும் கூடலன்னு 2018-ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு காட்டுச்சு. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம்னு வெச்சுக்கோங்க.

இப்ப நம்ம ஊர் சைவ தட்ட பாருங்க. காலைல மூணு இட்லி சாம்பார், சட்னி எல்லாம் சேத்து ஒரு 10 கிராம் வந்தா அதிகம். மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர்னு ஒரு 16 கிராம், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் ஒரு 4, ராத்திரி தோசை 10. மொத்தமா 40 தான் தேறும். இந்த ஓட்டைய விட்டுட்டு, ஒர்க்அவுட் முடிஞ்சு முப்பது நிமிஷத்துக்குள்ள ஷேக்கர குலுக்கலன்னா எல்லாம் வீண்னு லாக்கர் ரூம்ல பதறுறவங்கள பாத்தா சிரிப்புதான் வருது. அந்த முப்பது நிமிஷ கதைய 2013-லயே ஒரு தொகுப்பு ஆய்வு போட்டு ஒடச்சாச்சு, நாள் முழுக்க மொத்தம் எவ்ளோ போச்சுங்கறதுதான் முக்கியம். ஒரு வேளைக்கு 20லேந்து 40 கிராம்னு பிரிச்சு சாப்பிட்டா போதும்.

பவுடரா சாப்பாடா

25 கிராம் புரோட்டீன்ங்கறத ஒரு யூனிட்டா வெச்சு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாக்கலாம், அப்பதான் யாரு எதுல தோக்குறாங்கன்னு தெரியும்.

வே புரோட்டீன், அதாவது பால்லேந்து எடுக்குற பவுடர், ஒரு ஸ்கூப், 120 கலோரி பக்கம், ஓரளவு நல்ல பிராண்டுன்னா 80லேந்து 110 ரூபா ஆகுது. லூசின்ங்கற அமினோ ஆசிட் இதுல அதிகம், தசை கட்டுற வேலைய ஸ்டார்ட் பண்ற சுவிட்ச் அதான். செரிமானமும் வேகம். கொறைன்னு பாத்தா வெல, அப்புறம் பால் ஒத்துக்காதவங்களுக்கு வயிறு உப்பும், அவங்க பால் சக்கரைய பெரும்பாலும் எடுத்துட்ட ஐசோலேட் வாங்கணும், அது இன்னும் காசு.

முட்டை நாலு, 290 கலோரி, நாமக்கல்ல வெல ஏறாத மாசமா இருந்தா 30 ரூபாக்குள்ள முடிஞ்சிரும். தரத்துல வேக்கு பக்கத்துலயே நிக்குது. மஞ்சக்கருவ தூக்கிப் போட்டுட்டு வெள்ளைய மட்டும் தின்னா ஏழு முட்டை ஒடைக்கணும், அந்த மஞ்சள் எல்லாம் எங்க போகுதுன்னு வீட்டுல அம்மா கேப்பாங்க, நியாயமான கேள்விதான்.

மீல்மேக்கர், அதாவது சோயா உருண்டை, இதான் என் கட்சி. காஞ்ச 50 கிராம்ல 26 கிராம் புரோட்டீன், 175 கலோரிக்குள்ள, செலவு பத்து ரூபா கூட ஆகாது. வெஜ் பிரியாணில நாலு உருண்டை மிதக்கறத வெச்சு இத எடை போடாதீங்க. உப்பு போட்ட சுடுதண்ணில பத்து நிமிஷம் ஊற வெச்சு, நல்லா பிழிஞ்சு, திரும்ப பச்சத்தண்ணி ஊத்தி திரும்ப பிழியணும், அந்த நுரை தண்ணி போனாதான் வாடை போகும். அப்புறம் ரெண்டா கிள்ளிப் போட்டு, வெங்காயம் கருவேப்பில மிளகுத்தூள் போட்டு கல்லுல மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் வெச்சா சிக்கன் பெப்பர் ஃப்ரை இடத்த ஓரளவு புடிச்சிரும். சோயா தின்னா ஆம்பளைக்கு ஹார்மோன் கொழம்பிரும்னு ஒரு பயம் இருக்கு, பல ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப டெஸ்டோஸ்டிரோன்ல மாத்தம் எதுவும் தெரியல. மொத்த புரோட்டீன் சரியா இருந்தா வேக்கும் சோயாவுக்கும் தசை, வலிமை ரெண்டுலயும் சொல்ற மாதிரி வித்தியாசம் வரல.

சுண்டல் நல்ல சாப்பாடு, ஆனா 25 கிராம் வேணும்னா வெந்த கொண்டக்கடலை கால் கிலோவுக்கு மேல போகணும், 450 கலோரி ஆயிடும், கூடவே நார்ச்சத்து அத்தனையும். மெரினால பொட்டலம் மடிச்சு தர்ற அளவ வெச்சு ரெக்கவரி பண்றேன்னு யாரும் கெளம்பாதீங்க, அது பீச் காத்துக்கு. வேர்க்கடலை இன்னும் மோசம், 25 கிராம் புரோட்டீனோட 570 கலோரி வந்து ஒக்காரும். எடை ஏத்தணும்னு இருக்குற ஒல்லிப் பசங்களுக்கு ஓகே.

பால் தனியா சொல்லணும். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர்ல 16 கிராம் பக்கம் வரும். வேங்கறதே பால திரிச்சா பிரியற தண்ணிலேந்து எடுக்கறதுதான், நம்ம வீட்டுல பன்னீர் பண்ணிட்டு சிங்க்ல ஊத்துறோமே அது மாதிரி தண்ணிதான், அத வடிகட்டி காய வெச்சு சாக்லேட் வாசனை போட்டு டப்பால அடைக்கிறாங்க. ஓட்டம் ஓடுறவங்களுக்கு சாக்லேட் பாலும் விலை ஒசந்த ரெக்கவரி டிரிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வேலை செய்யுதுன்னு ஆய்வுகள் வந்திருக்கு.

அப்ப வே யாருக்கு? ஓஎம்ஆர்ல காலைல ஜிம் முடிச்சு நேரா லாகின் பண்றவங்களுக்கு, வீட்டுல முட்டையே நொழையாதவங்களுக்கு, மீல்மேக்கர் வாசனையே ஆகாதவங்களுக்கு, பசி இல்லாத வயசானவங்களுக்கு. ஒரு நாளைக்கு ஒரு ஸ்கூப், ஓட்டைய அடைக்க மட்டும். 60 தாண்டினவங்களுக்கு ஒரே வேளைல கொஞ்சம் அதிக புரோட்டீன் தேவைப்படும், ஆனா பல் சரியில்லாம சிக்கன் மெல்ல முடியாது, எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு ராகி கஞ்சில ஒரு ஸ்கூப் கலந்து குடுக்கறது நல்ல ஐடியா. கிட்னில பிரச்சன இருந்தா மட்டும் டாக்டர கேக்காம எதையும் ஏத்தாதீங்க.

ஜிம்ல மாஸ்டரே டப்பா விக்கறது சகஜமாயிடுச்சு, அவர் மேல மரியாத இருக்கலாம், ஆனா டப்பாவ திருப்பிப் பாருங்க. 100 கிராமுக்கு எவ்ளோ புரோட்டீன்னு போட்டிருக்கா? 70லேந்து 80 இருந்தா அது கான்சன்ட்ரேட், அதாவது சாதா வே. மாஸ் கெயினர்னு எழுதி 20 கிராம்கிட்ட இருந்தா மிச்சமெல்லாம் மாவுச்சத்து, அதுக்கு பொட்டுக்கடலை மாவும் வாழப்பழமும் பாலும் அடிச்சுக் குடிச்சிட்டு போயிடலாம். கிளைசின், டாரின்னு மலிவான அமினோ ஆசிட் தனியா சேத்திருந்தா சந்தேகப்படுங்க, லேப்ல புரோட்டீன நேரா அளக்காம நைட்ரஜன வெச்சு கணக்கு போடுவாங்க, அந்த டெஸ்ட ஏமாத்த இது ஒரு பழைய வழி. 2024-ல கேரள டாக்டர் ஒருத்தரோட குழு இந்தியால விக்கிற 36 பவுடர சோதிச்சதுல சுமார் 70 சதவீதத்துல லேபிள்ல இருக்கற புரோட்டீன் அளவு தப்பா இருந்துச்சு. அதே வருஷம் ஐசிஎம்ஆர்-என்ஐஎன் வழிகாட்டி, பவுடரே வேணாம்னு சொல்லுச்சு. அந்த அளவுக்கு நான் போக மாட்டேன், ஆனா உணவு பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) நம்பர் இல்லாத, சீல்ல சந்தேகம் இருக்கற டப்பாவ பாதி வெலைக்கு குடுத்தாலும் வேணாம்.

பிசிஏஏவும் கிரியேட்டினும்

பிசிஏஏ, அதாவது மூணு அமினோ ஆசிட் மட்டும் இருக்குற ஜிம் பவுடர், அத ஒரு பாராவுல முடிச்சிடலாம். தசை கட்ட ஒம்பது அத்தியாவசிய அமினோ ஆசிட் வேணும், இதுல இருக்கறது மூணு. மயிலாப்பூர் பங்குனித் தேர ஆளு பத்தாம மூணு பேர் மட்டும் வடம் புடிச்சு இழுத்த மாதிரி. அந்த மூணும் முட்டைலயும் வே புரோட்டீன்லயும் ஏற்கனவே இருக்கு. கலர் கலரா தர்பூசணி டேஸ்ட்ல பாட்டில்ல ஊத்தி ஜிம் பூரா எடுத்துட்டு சுத்த அழகா இருக்கும், அவ்ளோதான்.

கிரியேட்டின் வேற ஜாதி. வலிய எல்லாம் பெருசா கொறைக்காது, ஆனா அடுத்தடுத்த செட்டுக்கு நடுவுல சக்திய சீக்கிரம் நெறப்பும், மாசக்கணக்குல வலிமை ஏறும், அதுக்கு ஆதாரம் கொட்டிக் கெடக்கு. மோனோஹைட்ரேட் போதும், தெனம் 3லேந்து 5 கிராம், எப்ப வேணா போடலாம். இது இயற்கையா கெடைக்கறது கறிலயும் மீன்லயும்தான், அதனால சுத்த சைவக்காரங்க உடம்புல ஸ்டாக் கம்மியா இருக்கும், அவங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியலாம். மொத வாரத்துல ஒரு கிலோ ஏறினா அது தண்ணி, பதறாதீங்க. மாஸ்டர் ஹெல்த் செக்கப் போனா, கிட்னி எப்படி இருக்குன்னு பாக்க அளக்குற கிரியேட்டினின் அளவு லேசா ஏறிக் காட்டலாம், கிரியேட்டின் எடுக்கறத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா வீட்டுல பெரிய ரகளையாயிடும். மீல்மேக்கருக்கும் முட்டைக்கும் மேல மாசம் கொஞ்சம் காசு மிஞ்சினா எனக்கு மொத சாய்ஸ் இதுதான், ரெண்டாவது ஸ்கூப் வே இல்ல.

இளநி, மோர், ஓஆர்எஸ்

பெசன்ட் நகர்ல ஞாயித்துக்கிழம ஓடிட்டு வந்தா டீஷர்ட்ட பிழியலாம், இந்த ஊர் ஈரப்பதத்துல வேர்வை காயறதே இல்ல. ஓடறதுக்கு முன்னாடியும் அப்புறமும் எடை பாருங்க, ஒரு கிலோ கொறஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கு, அடுத்த சில மணி நேரத்துல ஒண்ணே காலிலேந்து ஒண்ணரை லிட்டர் உள்ள போகணும்.

இளநி ருசிக்கு ஒசத்தி, பொட்டாசியம் அள்ளிக் குடுக்கும், ஆனா வேர்வைல அதிகமா போறது சோடியம், அது இளநில கம்மி. அந்த எடத்துல மோர்தான் ஜெயிக்குது, ஒரு பெரிய சொம்பு மோர்ல அரை டீஸ்பூன் உப்பு போட்டா ஒரு கிராம் பக்கம் சோடியம், கொஞ்சம் புரோட்டீனும் இலவசம். பிபி இருக்கறவங்க உப்ப கொறைச்சுக்கோங்க. ஓஆர்எஸ் பாக்கெட் வயித்துப்போக்குக்கு வந்தது, லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுகோஸ், ரெண்டு மணி நேரம் வெயில்ல ஓடினவங்களுக்கு நல்லா உதவும். ஆனா ஓஆர்எஸ்னு பேர் போட்டு சக்கரைத் தண்ணி வித்தத எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்லதான் தடுத்துச்சு, அதனால உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு பாக்கெட்ல இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஜிம்ல ஏசில முக்கால் மணி நேரம் கை பைசெப்ஸ் பண்ணவருக்கு இது எதுவும் வேணாம், வெறும் தண்ணி.

மாத்திரை பக்கம்

மஞ்சள் பால் மேல எனக்கும் பாசம்தான், ஆனா மஞ்சத்தூள்ல குர்குமின் வெறும் 3 சதவீதம் பக்கம், அதுவும் சரியா உறிஞ்சப்படாது, மிளகு சேத்தா கொஞ்சம் பரவால்ல. தூக்கம் வந்தா லாபம். வைட்டமின் சி 1000 மில்லிகிராம், இ 400 யூனிட்னு தெனம் போட்டவங்களுக்கு உடற்பயிற்சியால வர வேண்டிய பலனே மழுங்குச்சுன்னு 2009-ல ஒரு ஆய்வு வந்துச்சு, நெல்லிக்காய் தின்னுட்டு விட்டுடுங்க.

வலி மாத்திரைதான் எனக்கு நெஜமா பயம். மாரத்தானுக்கு முன்னாடியே டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போட்டுட்டு ஓடறவங்க இருக்காங்க, ஒடம்புல தண்ணி வத்தின நேரத்துல அது கிட்னிய நேரா அடிக்கும். சும்மா லெக் டே வலின்னா மெதுவா நடங்க, சுடுதண்ணில குளிங்க, மூணு நாள்ல போயிடும். ஆனா தொட வீங்கி, கால மடக்கவே முடியாம, யூரின் கோலா கலர்ல போச்சுன்னா தசை ஒடஞ்சு கிட்னிக்கு போகுதுன்னு அர்த்தம், ரொம்ப நாள் கழிச்சு மொத நாளே வெறித்தனமா பண்ணவங்களுக்கு இது வரும். அப்ப ஷேக்கரையும் மோரையும் வெச்சுட்டு யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி அன்னைக்கே கேஷுவாலிட்டிக்கு போயிடுங்க.