சைடு ஸ்டெப்பும் எல்.இ.டி. விளக்கும் பொருத்தச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து என் பிக்அப் வண்டிக்கு இரு பக்கமும் கால் வைத்து ஏறும் படியான சைடு ஸ்டெப்பும், முன்னால் நீளப் பட்டை வடிவ விளக்கான ஒரு எல்.இ.டி. லைட் பாரும், பின்னால் இரண்டு விளக்குகளும் பொருத்தினேன். இன்றோடு 19 நாள்கள் ஆகின்றன. வலப்பக்கப் படி பெயர்ந்து வண்டியின் பின்பெட்டியில் கிடக்கிறது. நேற்று இரவு வயர் எரிந்து, வண்டி முழுவதும் தீப்பற்றாமல் தப்பியதே பெரிது. வாகன அலங்காரப் பொருள்களை விற்று, அங்கேயே பொருத்தியும் தரும் ஒரு கடையில் நடந்தது இது. கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

படி எனக்காக வாங்கியது அல்ல. அம்மாவுக்கு முழங்கால் வலி; வண்டி உயரம் என்பதால் ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுவார். விளக்கு, இரவில் வெளிச்சமே இல்லாத மண்பாதையில் நான் போய்வர வேண்டியிருப்பதால். இரண்டுமே தேவைக்காகத்தான்.

முதல் நாள் அந்த உரிமையாளர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் இப்போதும் கொதிக்கிறது. கடை வாசலில் நின்ற தன் சொந்த வண்டிக்கு என்னை அழைத்துப்போய், அதன் படியில் இரு காலையும் ஊன்றி ஏறிக் குதித்துக் காட்டினார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் துளை போட வேண்டியிருக்குமா என்று நான் கேட்டதும், தயங்காமல் என் வண்டிக்கு அடியில் படுத்து, செல்பேசி வெளிச்சத்தில், வண்டித் தயாரிப்பாளரே மரை போட்டு விட்டிருக்கும் துளைகளை விரலால் தொட்டுக் காட்டி, “போல்ட் எல்லாம் இதுலதான் ஏறும் சார், ஒரு ஓட்டைகூடப் புதுசா போட மாட்டோம்” என்றார். விளக்கின் வயரிங்கைப் பற்றிக் கேட்டபோது, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரிலேயையும் (விளக்குக்குப் போகும் அதிக மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஃபியூஸ் பெட்டியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, இவை இல்லாமல் தாங்கள் எந்த வண்டிக்கும் விளக்குப் போடுவதில்லை என்றார். சரியான முறை இன்னதென்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருவர் சரியாகவே செய்வார் என்று நம்பி, அந்த இடத்திலேயே முழுத் தொகையையும் கொடுத்தேன். அந்த ரிலே என் வண்டிக்குள் போகவே இல்லை.

வேலை முடிய மாலையாகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்கள், போனேன். திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. எதிர்ச்சுவர் வெள்ளையாக ஒளிர விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். ரசீதில் ‘படி, விளக்கு, கூலி’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. நான் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கவில்லை.

12ஆம் நாள், அம்மா இறங்குவதற்காகக் காலை வைத்தபோது படி அப்படியே கீழ்நோக்கிச் சாய்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்தவாறு விழுந்தார். முழங்கை தோல் உரிந்தது, வலிக்கிற அதே முழங்கால் வீங்கியது. அன்றுதான் அடியில் படுத்துப் பார்த்தேன். உரிமையாளர் தொட்டுக் காட்டிய துளைகளில் ஒரு போல்ட்கூட இல்லை. படியைத் தாங்க ஒரு பக்கத்துக்கு இருக்க வேண்டிய மூன்று பிராக்கெட்டுகளில் இரண்டை, கதவுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகட்டில் தானே துளையிட்டு ஏறும் சிறு திருகுகளால் முடுக்கியிருந்தார்கள். மூன்றாவது எதிலும் படாமல் தொங்கியது. படி வண்டியின் உடலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அதன் ஓரத்தில் மிதிக்கும் எடை நெம்புகோல்போலத் திருகைப் பிடுங்குகிறது. தடித்த சேசிஸும் போல்ட்டும் தாங்கும். தகடு கிழியும், கிழிந்தது. திருகு போன இடங்களில் பெயின்ட்கூடத் தடவாததால் அதற்குள் துரு சிவந்திருந்தது.

போன் செய்தேன், நாளை கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன்; உரிமையாளர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி போனபோது உரிமையாளர் இருந்தார்; அம்மா படியின் நடுவில் மிதிக்காமல் ஓரத்தில் மிதித்திருப்பார் என்றார். அதற்கடுத்த முறை, பொருத்திய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், பொருளுக்கான உத்தரவாதம் தயாரிப்பாளருடையது, கடைக்குப் பொறுப்பில்லை என்றார். பெட்டியில் தயாரிப்பாளரின் முகவரியே இல்லை என்று காட்டினேன்; பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். இரண்டு மாதச் சம்பளம் வாங்கியவருக்கு ஒரு பிராக்கெட்டை மாற்றித் தர மனம் வரவில்லை.

நேற்று இரவு ஓட்டிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. நிறுத்திச் சாவியை அணைத்தேன், புகை நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே நின்றது. இன்று காலை வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து காரணத்தைக் காட்டினார். லைட் பாருக்கான வயரை ரிலேயும் இல்லாமல் ஃபியூஸும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, எஞ்சினுக்கும் உள்பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டின் துளை வழியே ரப்பர் வளையம்கூடப் போடாமல் நுழைத்திருக்கிறார்கள். தகட்டின் விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, செம்பு நேராக வண்டியின் உடலைத் தொட்டிருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது உருகி அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். இல்லாததால் வயரே உருகியது.

லைட் பாரையும் தற்காலிக வயரில் இணைத்து அளந்தார். பெட்டியில் 180 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர் இழுக்க வேண்டும். மீட்டர் 5 ஆம்பியரைக்கூடத் தொடவில்லை. அறுபது வாட்டுக்கும் குறைவான விளக்குக்கு 180 வாட்டின் விலையைக் கொடுத்திருக்கிறேன். ஐ.பி. 67, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று சொல்லி விற்ற அதே விளக்கின் கண்ணாடிக்குள், பெய்த ஒரே மழையில் நீர்த்துளிகள் கோத்து நிற்கின்றன.

இவ்வளவையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு அழைத்தபோது கடை உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: “லைட்டு எரியுதா இல்லையா?” எரிகிறது என்றேன். அப்படியென்றால் லைட்டில் குறையில்லையே என்று வைத்துவிட்டார். அதன் பிறகு என் எண்ணை எடுக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் போனது. உருகிய வயரிங்கை மாற்றும் செலவு இனித்தான் வர இருக்கிறது.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். போல்ட் சேசிஸில்தான் ஏறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் சாவியை வாங்காதீர்கள். ரசீதில் ஒவ்வொரு பொருளும் உத்தரவாதக் காலமும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

இடப்பக்கப் படி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, அதே திருகுகளோடு. நாளை அதைக் கழற்றும்வரை அந்தப் பக்கம் யாரையும் ஏற விடப்போவதில்லை.