வேலை நேரத்தில் சம்மதம் கேட்கும் உற்பத்தியாளர்கள்: சிறு ஆடை வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முழுநேர வேலையில் இருந்துகொண்டு மாலையிலும் விடுமுறை நாள்களிலும் சிறிய அளவில் ஆடை விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டி-ஷர்ட் தைத்துத் தரும் உற்பத்தியாளர் ஒருவர் என்னை ஏமாற்றியதில், மட்டமான துணியைவிட அதிகம் உதவியது எனது அலுவலக நேரம்தான்.

அவர் முதலில் அனுப்பிய சாம்பிளில் குறை சொல்ல எதுவும் இல்லை. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தித் துணி, சீரான தையல், துவைத்த பிறகும் மாறாத அளவு. அதை நம்பிப் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தேன். பிறகு ஒரு வேலை நாளின் நடுவே, நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது அழைத்து, சொன்ன துணி கிடைக்கவில்லை என்றும், அதே தரத்தில் வேறு லாட் துணி வெட்டு மேசைக்கு வந்துவிட்டது என்றும், உடனே பதில் சொல்லாவிட்டால் எனது முறை வேறொருவருக்குப் போய்விடும் என்றும் அவசரப்படுத்தினார். படம் அனுப்புங்கள், மாலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படமும் வரவில்லை, மாலையில் அழைத்தபோது அவர் எடுக்கவும் இல்லை. தகராறு எழுந்த பிறகு, "நீங்கள்தான் போனில் சரி என்றீர்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மீதித் தொகை செலுத்திய பின்னரே சரக்கு புறப்பட்டது. அதுவும் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து, காவலாளியின் கையெழுத்தோடு இறங்கியது. புகார்களை மூன்று நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற வரி பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வார இறுதியில் பெட்டிகளைப் பிரித்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது. மேல் அடுக்கில் இருந்தவை மட்டும் சாம்பிளைப் போலவே இருந்தன.

கீழே இருந்த ஓர் ஆடையிலிருந்து பத்து சென்டிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி, கிராமின் பின்னம் காட்டும் சிறிய தராசில் வைத்தேன். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். எனக்குக் கிடைத்தது 150. பின்னல் துணியை உற்பத்தியாளர் கிலோ கணக்கில் வாங்குகிறார், நமக்கோ உருப்படிக் கணக்கில் விற்கிறார். ஆகவே ஜிஎஸ்எம் முப்பது குறைந்தால் துணிச் செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அவருக்கு மிச்சம், தொட்டுப் பார்க்கும் வாடிக்கையாளருக்கோ அது எளிதில் தெரியாது. நூலைப் பிரித்துக் கொளுத்தியதில், தூய பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாக வேண்டியிருக்க, நுனியில் கடினமான கறுப்பு மணிகள் திரண்டன. அது பாலியஸ்டர் கலப்பின் அடையாளம். ஒருமுறை துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அதைப் பெற இன்னொரு முன்பணம் கட்ட வேண்டுமாம்!

இப்போது ஒப்புதல் அளித்த சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்கிறோம். எந்த மாற்றத்துக்கும் எழுத்தில் மட்டுமே சம்மதம் தருகிறேன். சரக்கு விடுமுறை நாளில்தான் வர வேண்டும், அடி அடுக்கிலிருந்தும் எடுத்துச் சோதித்த பிறகே மீதித் தொகை. இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் புதிய உற்பத்தியாளர் விலையைச் சற்றுக் கூட்டினார். அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.