ஊட்டிக் குளிருக்கு எந்த ஆயில்: 10டபிள்யூ-30ஆ, 20டபிள்யூ-40ஆ?

போன டிசம்பரில் இன்ஜின் ஆயில் மாற்றும்போது 20டபிள்யூ-40ஐ விட்டு 10டபிள்யூ-30க்கு வந்தேன். என்னுடையது 125 சிசி கியர் வண்டி, கையேட்டில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. உங்கள் கையேட்டில் ஒன்றுதான் போட்டிருக்கிறது என்றால் யோசிக்காமல் அதையே ஊற்றுங்கள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. கியர் வண்டிக்கு டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள், எம்பி ஸ்கூட்டருக்கானது.

எந்த ஆயிலும் சூட்டில் இளகும், குளிரில் கெட்டிப்படும். டப்பாவின் பின் எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்ற கணக்கு: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. நன்றாகச் சூடேறிய இன்ஜினில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிதான். முன் எண் குளிருக்கு. 10ஐ மைனஸ் 25 டிகிரியிலும் 20ஐ மைனஸ் 15லும் சுழற்றிச் சோதிப்பார்கள்.

“ஊட்டி என்ன மைனஸ் 15க்கா போகுது?” என்று மெக்கானிக் அண்ணன் சிரித்தார். போவதில்லைதான். ஆனால் ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் சீட்டில் உறைபனி படிந்து கிடக்கும் காலையில், 20டபிள்யூ-40 ஊற்றிய வண்டியின் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் சட்டென்று சொட்டாது, தொங்கிக்கொண்டு நிற்கும். கிக்கரும் மெதுவாகத்தான் இறங்கும். ஸ்டார்ட் ஆனபின் முதல் கியர் போட்டால், கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி ஒரு துள்ளு துள்ளும். கிளட்ச் தட்டுகளைக் கெட்டியான ஆயில் பிரிய விடாது. மேலே ஹெட்டுக்கு ஆயில் ஏறவும் அதே தாமதம். வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்வது அந்த நேரத்தில்தான். 10டபிள்யூ-30 ஊற்றியபின் துள்ளல் அடியோடு போகவில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது.

என்னை மாற வைத்தது இன்னொரு கணக்கு. மலையில் நம் ஓட்டமெல்லாம் குட்டி ஓட்டம். வீட்டிலிருந்து மார்க்கெட், அங்கிருந்து சேரிங்கிராஸ், ஒரு டீ, அப்புறம் வீடு. ஆயில் முழுச் சூடாவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறோம், அடுத்து எடுக்கும்போது மறுபடி ஆறிக் கிடக்கிறது. பின் எண் சொல்லும் 100 டிகிரி பக்கம் பல நாள் ஆயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. அப்படி ஓடும் வண்டிக்கு முன் எண்ணைப் பார்த்துதானே ஆயில் வாங்க வேண்டும்?

காய்கறி மூட்டையோடு அடிக்கடி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, கல்லாறு வெயிலில் திரும்ப இரண்டாம் கியரிலேயே ஏறுகிறவர்களுக்கு நான் 20டபிள்யூ-40தான் சொல்வேன். பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை விடும் பழைய வண்டிக்கும் அதுவே. இளகிய ஆயிலை அந்த வண்டி இன்னும் வேகமாகக் குடிக்கும். என் கை பட்டதெல்லாம் 100, 125 சிசிதான். புல்லட்காரர்கள் என் பேச்சை நம்பி ஊற்ற வேண்டாம்.