மேட்டுப்பாத்திக்கு எது சரி: பலகையா, செங்கல்லா, ஹாலோ பிளாக்கா?

எங்க வீடு சென்னைக்கு வெளிய, களிமண்ணு பூமி, கார்த்திகைல மழை விட்டு மூணு நாள் ஆனாலும் தண்ணி இறங்காது, கத்தரியும் வெண்டையும் வேர் அழுகி மஞ்சளா நிக்கும். அதனால மேட்டுப்பாத்தி, அதாவது சுத்தி சுவர் வெச்சு தரைக்கு மேல மண்ணு நிரப்புற பாத்தி தான் வழின்னு மூணு விதமா கட்டிப் பாத்தாச்சு. மூணுமே வெளி அளவு 8க்கு 4 அடி. அதுக்கு மேல அகலம் வெச்சா நடுவுல கை எட்டாது, உள்ள கால் வெச்சா மண்ணு இறுகிடும்.

முதல்ல செஞ்சது பலகை. பழைய பேக்கிங் பேலட்ட (சரக்கு அடுக்கி வெக்கற மரச்சட்டம்) பிரிச்சு ஆணி அடிச்சேன், ஒரே நாள் வேலை, பாக்கவும் அழகா இருந்துச்சு. (பேலட் வாங்குனா முத்திரைய பாருங்க, HTன்னு இருந்தா சூடு காட்டுனது, MBன்னு இருந்தா புகை மருந்து அடிச்சது, அது காய்கறிக்கு வேணாம்.) ஆனா நம்ம ஊர் கரையான் விடுமா? அடுத்த சித்திரைல ஒரு மூலைய கட்டை விரலால அமுக்குனா ரஸ்க் மாதிரி உள்ள போகுது, தோலு மட்டும் தான் மிச்சம், உள்ளெல்லாம் மண்ணு.

அடுத்து செங்கல். 1 அடி உயரத்துக்கு 4 வரிசை, சுமார் 120 கல்லு. சிமெண்ட் இல்லாம சும்மா அடுக்கி வெச்சேன், அது தான் தப்பு. மழைல ஊறுன மண்ணு எவ்ளோ கனம்னு அப்போ தான் புரிஞ்சுது, நீளப் பக்கம் நடுவுல வயிறு தள்ளுன மாதிரி வெளிய வந்து ஒரு ராத்திரில சரிஞ்சிடுச்சு, முள்ளங்கி எல்லாம் வெளிய. பூசி கட்டுனா பல வருஷம் நிக்கும், ஆனா கொத்தனார் வேணும், அடி வரிசைல தண்ணி போக ஓட்டை விடணும், இடம் சரியில்லன்னு அப்புறம் மாத்தவும் முடியாது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அந்த வெயில் எங்க விழுது, எங்க விழலன்னே ஒரு வருஷம் கழிச்சு தான் தெரியும்.

இப்போ இருக்கறது ஹாலோ பிளாக், உள்ள ஓட்டை விட்ட சிமெண்ட் கல்லு, 16க்கு 8க்கு 8 இஞ்ச் கல்லு. ஒரு வரிசைக்கு 16, ரெண்டு வரிசைக்கு 32, கணக்கு கச்சிதமா வரும், கல்ல உடைக்கவே வேணாம். 8 இஞ்ச் தடிமன்ங்கறதால தன் கனத்துலயே நிக்குது, மேல் வரிசைய இணைப்பு மாத்தி, கீழ் இணைப்புக்கு மேல கல்லோட நடு வர்ற மாதிரி வெச்சா போதும். கீழ் வரிசை ஓட்டைல ஜல்லியும் மண்ணும் போட்டு, மேல் வரிசை ஓட்டைல புதினாவும் துலுக்க சாமந்தியும் வெச்சிருக்கேன், அம்மா அந்த ஓரத்துல உக்காந்தே கீரை பறிக்கறாங்க, முட்டி வலிக்கு அது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா. குறைன்னா உள் இடம் சுருங்கும், கிட்டத்தட்ட 24 கன அடி தான் கிடைக்கும்.

வாடகை வீடு, மொட்டை மாடின்னா இது எதுவும் வேணாம், க்ரோ பேக் (செடி வளக்கற பை) எடுங்க, மாடில இவ்ளோ பாரம் ஏத்தாதீங்க.

எதுல கட்டுனாலும் மண்ணுக்கு காசு ஒதுக்குங்க. 24 கன அடின்னா கிட்டத்தட்ட கால் யூனிட் (மண்ணு லோடு கணக்குல ஒரு யூனிட் 100 கன அடி), அதுல பாதி செம்மண்ணு, மீதி மக்குன எருவும் ரெண்டு மூணு தடவ அலசுன தேங்காய் நார்க்கழிவும், கூட கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. கொட்டறதுக்கு முன்னாடி கோரைக் கிழங்க தோண்டி எடுத்துடுங்க, அட்டைப் பெட்டிய பிரிச்சு விரிச்சா அடங்கிடும்னு நம்பாதீங்க, அது அட்டையையும் குத்திட்டு மேல வந்துடும்.