பொடி நல்லதுதான், பொட்டலம்தான் தலைவலி

சென்னை கொளத்தூரில் மீன் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பொடி விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். தீனியில் கலக்கும் பேசிலஸ் என்ற பாக்டீரியாப் பொடியைத்தான் சொல்கிறேன். ஃபில்டருக்கு ஊற்றும் பாக்டீரியா பாட்டில் வேறு. என்னிடம் இரண்டு கோல்டு ஃபிஷ் தொட்டி, ஒரு ஃபைட்டர் மீன் வரிசை, 14 மாத உபயோகம்.

வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குத்தான் போகும். பேசிலஸ் சப்டிலிஸ், லைக்கனிஃபார்மிஸ் இரண்டும் அங்கே முளைத்து புரதத்தையும் மாவையும் உடைக்கிற நொதிகளைச் சுரக்கின்றன. கழிவைப் பார்த்தாலே தெரியும்: வெள்ளை நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது கருத்து, குட்டையாகி, உடனே அறுந்து விழுகிறது. (பட்டினி கிடந்தாலும், குடலில் புழு இருந்தாலும் வெள்ளையாகத்தான் வரும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.) ஏரோமோனாஸ் மாதிரி கிருமிகளுக்கு இடமும் தீனியும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. ஆனால் வயிறு வீங்கி செதில் தூக்கிய மீனுக்கு இது மருந்தல்ல.

இப்போது வயிற்றெரிச்சல். பொட்டலத்தில் போட்டிருப்பது "கிலோ தீனிக்கு 10 கிராம்", அவ்வளவுதான். எதை வைத்து ஒட்டுவது? ஒரு வார்த்தை இல்லை. சும்மா குலுக்கிப் போட்டால் பெல்லட் (தீனி உருண்டை) தண்ணீரைத் தொட்டதும் பொடி கழன்றுவிடும். மீனுக்குள் போக வேண்டியது தொட்டியில் கலங்கி, ஆக்சிஜனையும் தின்னும். மே மாத வெயிலில், காற்றுக்கல் ஓடாத தொட்டியில், விடியற்காலை மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

ஒட்டும் முறை இது: 100 கிராம் பெல்லட், 1 கிராம் பொடி, அரை கிராம் ஜெலட்டின். ஜெலட்டினை 10 மில்லி வெந்நீரில் கரைத்து, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிட்டுப் பொடியைக் கலக்கவும். பெல்லட்டை அகலத் தட்டில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்டவும். நிழலில், ஃபேனுக்குக் கீழே கையில் ஒட்டாத வரை காயட்டும். வெயிலில் வைக்காதீர்கள். காய்ந்ததும் ஐந்து பெல்லட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் கலங்கினால் பூச்சு பிடிக்கவில்லை. பிடித்ததை டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கவும். அடைமழை நாளில் இந்த வேலையே வேண்டாம், காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

அந்த ஜிப் லாக்! மூன்றாவது தடவை திறக்கும்போதே பல் கழன்றுவிடுகிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து உப்புக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? பொடியில் நிரப்பியிருக்கும் சர்க்கரை ஈரத்தை உறிஞ்சி, ஒரே மாதத்தில் கல்லாகிறது. காய்ந்த ஸ்போராக (விதை போன்ற உறக்க நிலை) தூங்கும் வரைதான் பேசிலஸுக்கு ஆயுசு. ஈரம் பட்டு முளைத்தவை பொட்டலத்துக்குள்ளேயே சாகும். கட்டியை உடைத்துப் போடுவது வெறும் மாவைப் போடுவதுதான்.

இன்னொன்று, ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போடும்போதே இதையும் கொடுக்கச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. ஆன்டிபயாடிக் இதையும் சேர்த்துத்தான் முடக்கும். கோல்டு ஃபிஷ், கெண்டை வகை மீன்களின் குடலில் தானாகவே வாழும் செட்டோபேக்டீரியம் என்ற பாக்டீரியா பி12 வைட்டமினே தயாரித்துக் கொடுக்கிறது, அதுவும் அடிபடும். இந்தப் பொடியில் அது கிடையாது. ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு பொடியை ஆரம்பியுங்கள். பேசிலஸ் குடலில் குடியேறித் தங்குவதில்லை, நிறுத்தினால் சில வாரத்தில் பலனும் போய்விடும்.

பொடிக்கு பத்துக்கு எட்டு. ஆனால் இந்த 250 கிராம் பொட்டலத்தை, விலை பாதியானாலும் திரும்ப வாங்குவதாக இல்லை. வாங்கியே தீருவேன் என்றால், பிரித்த அன்றைக்கே 10 கிராம் வீதம் மூடி இறுகும் சின்ன டப்பாக்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். திறந்த டப்பாவிலிருந்து லூஸில் அள்ளித் தந்தால் வாங்காதீர்கள்.