விடையைத் திருத்தும் கணினியுடன் ஏழு ஆண்டுகள்

கல்லூரி முதலாண்டில் நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் கற்பிக்கும் நான், வாராந்தரப் பயிற்சிக் கணக்குகளைக் கணினியே திருத்தும் முறைக்கு மாறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு 120 பேரின் தாள்களைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க எனக்குப் பத்து நாளாகும். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும்; மாணவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். கணக்கைப் போட்ட சூடு ஆறுவதற்குள் பதில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமே என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

நான் பயன்படுத்துவது மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்குள் இயங்கும் ஸ்டாக் என்ற இலவச மென்பொருள். கிறிஸ் சாங்வின் என்ற கணிதப் பேராசிரியர் தொடங்கிவைத்தது. இதன் உள்ளே மாக்சிமா (Maxima) என்ற கணினி இயற்கணித நிரல் வேலை செய்கிறது. அது 1960களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகத் தொடங்கிய மாக்சிமா (Macsyma) என்ற பழைய நிரலின் வாரிசு. குறியீடுகளைக் கணித விதிப்படி கையாளும் நிரல் என்பதால், மாணவர் தட்டச்சு செய்யும் விடையை எழுத்துக்கோவையாகப் பார்க்காமல் ஒரு கணிதக் கோவையாகவே எடுத்துக்கொள்கிறது. அடைப்புக்குறியோடு எழுதினாலும் விரித்து எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களில் பிறந்த வெப்வொர்க் என்ற இதே வகை மென்பொருள் வேறு வழியில் செல்கிறது: சில எண்களைப் பிரதியிட்டு இரு கோவைகளின் மதிப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அங்கு வழக்கம். சைன், அடுக்குக்குறிச் சார்பு, மட்டு மதிப்பு ஆகியவை கலந்த இரு கோவைகள் சமமா என்பதை எல்லா நேர்வுகளிலும் தீர்மானிக்கும் பொது வழிமுறை இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் 1968இல் நிறுவிவிட்டார். ஆகவே எந்த மென்பொருளும் ஏதோ ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மிகை எண்களை மட்டும் பிரதியிட்டுச் சோதித்தால், எக்ஸின் மட்டு மதிப்பும் எக்ஸும் ஒன்றாகவே தெரியும் என்பதை வினா எழுதுபவர் மறக்கக் கூடாது.

முதல் ஆண்டில் நான் எழுதிய வினாக்கள் பலவற்றில் பிழை இருந்தது. சைன் எக்ஸையும் கொசைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொல்லி, சைன் வர்க்கத்தில் பாதி என்ற என் விடையோடு ஒப்பிடும்படி அமைத்திருந்தேன். கொசைன் வர்க்கத்தில் பாதியைக் குறைக் குறியோடு எழுதியவர்களுக்குச் சுழி மதிப்பெண் விழுந்தது. இரண்டு விடைகளுக்கும் ஒரு மாறிலிதான் வேறுபாடு, இரண்டுமே சரி. மாணவரின் விடையை வகையிட்டுப் பார்த்து, தொகையீட்டு மாறிலி இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். இதற்கு நேர்மாறான பிழையும் நேர்ந்தது. காரணிப்படுத்தச் சொன்ன கணக்கில் வினாவிலிருந்த பல்லுறுப்புக்கோவையையே சிலர் திருப்பித் தட்டச்சு செய்ய, அது இயற்கணிதப்படி சமம் என்பதால் முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. மதிப்பு சமமா என்பது ஒரு கேள்வி, கேட்ட வடிவில் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் வினா எழுதுபவர்தான் வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும்.

என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது ஐகன் வெக்டார் கணக்கு. ஓர் அணியால் பெருக்கும்போது தன்னுடைய ஒரு மடங்காகவே மாறும் சுழியல்லாத வெக்டார் அது; அந்த மடங்கே ஐகன் மதிப்பு. ஓர் ஐகன் வெக்டாரை எந்தச் சுழியல்லாத எண்ணால் பெருக்கினாலும் அதுவும் சரியான விடையே. எனவே, அணியை அந்த வெக்டாரால் பெருக்கினால் அதே வெக்டாரை ஐகன் மதிப்பால் பெருக்கியது வருகிறதா என்று மட்டும் பார்க்கும்படி வினாவை அமைத்தேன்; அதுவே நேர்த்தியான சோதனை என்று நம்பினேன். ஒரு மாணவி எல்லா உறுப்புகளும் சுழியாக உள்ள வெக்டாரை எழுதி முழு மதிப்பெண் பெற்றாள். சுழி வெக்டார் அந்தச் சமன்பாட்டை எப்போதும் நிறைவு செய்யும், ஆனால் வரையறைப்படி ஐகன் வெக்டார் ஆகாது. அவளிடம் கேட்டபோது, சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்ததில் தனக்கு உண்மையாகவே அந்த விடைதான் வந்தது என்று விளக்கினாள். ஐகன் மதிப்பைத் தவறாகக் கணக்கிட்டால் அந்தத் தொகுதிக்குச் சுழித் தீர்வு மட்டுமே இருக்கும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே பளிச்சென்று தெரிந்தது. இப்போது அந்த விடைக்கு மட்டும் தனிப் பின்னூட்டம் தரும் ஒரு கிளையை வினாவில் வைத்திருக்கிறேன்: “இந்த விடை சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது, ஆனால் வரையறையை மீண்டும் படியுங்கள். வேறு தீர்வே கிடைக்கவில்லை என்றால், நீங்கள் கண்ட ஐகன் மதிப்பு சரிதானா என்று பாருங்கள்.”

இந்த முறையின் மதிப்பு முழுவதும் இத்தகைய கிளைகளில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. “தவறு” என்று மட்டும் சொல்லும் கணினி மாணவரை ஊகிக்கப் பழக்குகிறது. ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 10 விழுக்காடு குறையும் என்று வைத்திருந்தும், குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எக்ஸ் வர்க்கத்தின் சைனை வகையிடும்போது உள் சார்பின் வகைக்கெழுவை விட்டுவிடுவது ஆண்டுதோறும் வரும் பிழை. அந்தக் குறிப்பிட்ட தவறான விடையை முன்கூட்டியே எதிர்பார்த்து, “வெளிச் சார்பைச் சரியாக வகையிட்டிருக்கிறீர்கள், உள்ளே இருப்பதும் எக்ஸைப் பொறுத்து மாறுகிறது அல்லவா?” என்று கேட்கும்படி எழுதிய பிறகு, பெரும்பாலோர் இரண்டாம் முயற்சியிலேயே தாமாகத் திருத்திக்கொள்கிறார்கள். இத்தகைய பின்னூட்டங்களை எழுத, பழைய விடைத்தாள்கள்தான் எனக்குக் கைகொடுத்தன. ஒரு நல்ல வினாவை எழுதிச் சோதித்து முடிக்க இன்றும் எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. முதல் ஆண்டில் திருத்தும் நேரத்தைவிடக் கூடுதலாகவே செலவானது.

தட்டச்சு செய்வதில் உள்ள தொல்லை முதல் இரண்டு வாரங்களோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. விடையைத் தான் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை மென்பொருள் முதலில் காட்டுகிறது. எழுத்துமுறைப் பிழைக்கு மதிப்பெண் குறைவதில்லை. ஒன்றின் கீழ் இரண்டு எக்ஸ் என்பதா, அரை எக்ஸ் என்பதா என்று தங்கள் விடையே திரையில் விரிவதைப் பார்த்து, அடைப்புக்குறியின் அருமையை மாணவர்கள் உணர்வதை ஒரு கூடுதல் பயனாகவே கருதுகிறேன்.

ஒவ்வொருவருக்கும் எண்கள் மாறி வருவது பார்த்து எழுதுவதைக் குறைக்கிறது. ஆனால் சமவாய்ப்பில் வரும் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதற்கெழு சுழியாகிவிட்ட இருபடிச் சமன்பாடு ஒருவருக்கும், ஐகன் மதிப்புகள் இரண்டும் ஒன்றாகிவிட்ட அணி இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு வடிவத்தையும் நானே ஒரு முறை போட்டுப் பார்த்த பின்பே வெளியிடுகிறேன்.

கையால் திருத்தியிருந்தால் நான் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தக்க வினாக்களும் உண்டு. “எக்ஸ் 2 ஆகும்போது மதிப்பு 5 ஆகவும், வகைக்கெழு சுழியாகவும் உள்ள ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவையைத் தருக” என்று கேட்டால், 120 பேரும் 120 வெவ்வேறு விடை தரலாம். கணினி படியையும், மதிப்பையும், வகைக்கெழுவையும் நொடியில் சரிபார்த்துவிடுகிறது. தானே ஒன்றைக் கட்டியெழுப்ப வேண்டிய இந்த வகைக் கணக்குகளில்தான் மாணவர்கள் உண்மையாகவே உழைக்கிறார்கள்.

நிறுவல்களை இது திருத்துவதில்லை. சரியான விடைக்குத் தவறான வழியில் வந்து சேர்ந்தவரையும் இது கண்டுபிடிக்காது. வேறொருவரோ வேறொரு நிரலோ போட்டுக் கொடுத்த விடையையும் பிரித்தறியாது. ஆகவே இப்பயிற்சிகளுக்கு மொத்த மதிப்பெண்ணில் சிறு பங்கை மட்டுமே ஒதுக்கியிருக்கிறேன். வாரம் ஒரு கணக்கை முழு விளக்கத்தோடு கையால் எழுதித் தரச் சொல்கிறேன். மற்றவை கணினியிடம் போய்விட்டதால், அந்த ஒரு கணக்கை ஒவ்வொரு வரியாகப் படித்து, மூன்று நாட்களுக்குள் குறிப்புகளோடு திருப்பித் தர எனக்கு இப்போது முடிகிறது.