நாலு வருஷமாக ஜாங்கோ: ஒரே ஒரு பதிவோடு பட்ட பாடு

பினாங்கு லெபோ பாசாரில் மாமாவின் மளிகைக்கடை. கடன் கணக்கெல்லாம் முன்பு 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில். இப்போது, பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவை வைத்து நான் எழுதிய புரோகிராமில்.

முதலில் எனக்கு எரிச்சல் மூட்டியது, டேட்டாபேஸிலிருந்து ஒரு பதிவை (ஒரு ஆள் அல்லது ஒரு சரக்கின் தகவல் வரியை) எடுக்கும் 'கெட்' கட்டளை. கேட்ட பதிவு ஒன்றே ஒன்று இருந்தால்தான் தரும். இல்லையென்றால் 'டஸ்நாட்எக்ஸிஸ்ட்', இரண்டு இருந்தால் 'மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ்ரிட்டர்ன்டு' என்று பக்கத்தையே கவிழ்த்துவிடும். தீபாவளிக் கூட்டத்தில் பில் நின்றுபோக, அவசரத்தில் 'ஃபில்டர்' போட்டு (பொருந்துவதையெல்லாம் எடு) 'ஃபர்ஸ்ட்' (அதில் முதலாவதைக் கொடு) என்று மாற்றினேன். பிழை நின்றது. ஒரு மாதம் கழித்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார்: "தம்பி, பத்து கிலோ பொன்னி நான் எப்பப்பா தூக்கிட்டுப் போனேன்?" அப்பா, மகன் இருவருக்கும் ஒரே கைப்பேசி எண்; நான் தேடியதும் அந்த எண்ணை வைத்துத்தான். வரிசை எதுவும் சொல்லாவிட்டால் 'ஃபர்ஸ்ட்' பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) வரிசையில்தான் எடுக்கும். அதனால் மகன் வாங்கியதெல்லாம், முன்னால் பதிவான அப்பா தலையில். இப்போது உறுப்பினர் எண்ணை வைத்து 'கெட்'தான், கத்தினால் கத்தட்டும்.

இதைவிடப் பெரிய அடி ஒப்பிடுவதில். விலை மாறினால் குறித்துவைக்க, சேமிக்கும் முன் பழைய பதிவை எடுத்து, 'இரண்டும் சமமில்லையென்றால் எழுது' என்று வைத்திருந்தேன். மிளகாய்த்தூள் 18 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 21 ஆனது எந்தத் தேதியில் என்று மாமா கேட்டார். திறந்தால் ஒரு வரிகூட இல்லை! ஜாங்கோவில் இரட்டைச் சமக்குறி பார்ப்பது மாடலும் (பதிவின் வகை) பிரைமரி கீயும் ஒன்றுதானா என்பதை மட்டுமே. விலை, பெயர், இருப்பு எதையும் தொடாது. யோசித்தால் நியாயம்தான், விலை ஏறினாலும் அதே மிளகாய்த்தூள்தானே. ஆனால் எனக்கு அது உறைக்க மூன்று மாதக் குறிப்பு போக வேண்டியிருந்தது. (இன்னும் சேமிக்காத, கீ இல்லாத இரண்டு பொருள்கள் என்றால் உள்ளே அச்சு அசல் ஒன்றாக இருந்தாலும் சமமில்லை.)

விலையை விலையோடு ஒப்பிடும்படி மாற்றினேன். அப்போதும் விடவில்லை. மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (வெறும் எழுத்தில் உள்ள அட்டவணை) ஏற்றிய அன்று, மாறாத சரக்குக்கும் 'விலை மாறியது' என்று குறிப்பு குவிந்தது. கோப்பிலிருந்து வந்த '21.00' வெறும் எழுத்து, டேட்டாபேஸிலிருந்து வந்தது டெசிமல் என்ற எண் வகை. இரண்டும் பைத்தானுக்கு வேறு. படிக்கும்போதே டெசிமலாக்கிய பிறகுதான் குறிப்பேட்டை மாமாவிடம் காட்ட முடிந்தது.